முப்பத்திரண்டு பத்துமா?

போன ஆடியில் காங்கேயம் பக்கம் மாமா தோட்டத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு எழுந்து கைகூடக் கழுவவில்லை, மாமா ஆரம்பித்துவிட்டார். "ஏன் மாப்ள, நீ கிளப்புக்கெல்லாம் போயி சுடறயே, இந்த முப்பத்திரண்டு ரிவால்வரு நமக்குப் பத்துமா? இல்ல முப்பத்தெட்டு கிப்பத்தெட்டு ஏதாச்சும் வாங்கோணுமா?"

கேள்வி சும்மா வந்ததல்ல. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் என மூன்று பேர் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். 2025 மே தொடக்கத்தில் சிவகிரி பக்கத்தில், தோட்டத்தில் தனியாகக் குடியிருந்த வயதான தம்பதி கொலையுண்டு கிடந்தது தெரியவந்தது. அதற்கப்புறம் எந்தச் சாளையில் போய் உட்கார்ந்தாலும் பேச்சு கேமராவில் தொடங்கி, நாய்க்குப் போய், துப்பாக்கியில் வந்து நிற்கிறது. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். பக்கத்து வீடு நாலு ஏக்கர் தள்ளி. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் மாமா கேட்ட கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் இருப்பவர் .32 வாங்கலாமா, .38 வாங்கலாமா என்று யோசித்தால் அது கடையில் நின்று யோசிக்கிற விஷயம். நம் ஊரில் அந்த முடிவை முக்கால்வாசி சட்டம் எடுத்து முடித்துவிட்டது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், அதன் கீழ் 2016-இல் வந்த ஆயுத விதிகளும்தான் இப்போது நடப்பில் உள்ளவை. அந்த விதிகளின் முதல் அட்டவணை சில தோட்டாக்களைப் பெயர் சொல்லி ஒதுக்கிவைக்கிறது. .380, .455 என்ற விளிம்பு வைத்த தோட்டாக்கள், ராணுவம் பயன்படுத்தும் 9 மி.மீ., .45 தோட்டாக்கள், இவற்றில் எதையாவது போட்டுச் சுட முடிகிற ரிவால்வரோ பிஸ்டலோ சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. கடைக்காரர்கள் பேச்சில் இது 'பி.பி.', அதாவது தடை போட்ட போர் (போர் என்றால் இங்கே குழலின் உள்ளளவு). மற்றதெல்லாம் 'என்.பி.பி.', தடை இல்லாத போர்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். எது அதிக ஆபத்து என்று பார்த்துப் போட்ட பட்டியல் இல்லை இது. எது சர்க்கார் தோட்டா என்று பார்த்துப் போட்டது. .455 வெள்ளைக்காரப் பட்டாளத்தின் வெப்ளி ரிவால்வருக்கானது. .380 இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே அதன் இடத்துக்கு வந்தது. பட்டாளத்துக் கிடங்கிலிருந்து தோட்டா திருடுபோனாலும் வெளியில் அதைப் போட்டுச் சுட ஒரு துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதுதான் அந்தக் காலத்து யோசனை. வெள்ளைக்காரன் போய்விட்டான், யோசனை தங்கிவிட்டது. இவற்றையெல்லாம்விட ஆற்றல் கூடுதலான .357 மேக்னம் தோட்டாவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் என்ன பயன்? பல பத்தாண்டுகளாகக் கைத்துப்பாக்கி இறக்குமதி கடைகளுக்குக் கிடையாது. எப்போதோ வந்த ஒன்றிரண்டு யாரிடமாவது இருக்கலாம், அதற்குத் தோட்டா தேடுவது குதிரைக்கொம்பு.

ஆகப் பெரும்பாலும் மிச்சமாகி நிற்பது .32. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் ஆறு ரவை ரிவால்வர் பழைய வெப்ளி மார்க் 4 அமைப்பைத் தழுவி, சிறிய தோட்டாவுக்கு மாற்றிச் செய்தது. 2014-இல் பெண்களுக்கென்று சொல்லி விட்ட 'நிர்பீக்' எடை 500 கிராம், வந்தபோது விலை ரூ.1.22 லட்சம். 2023-இல் வந்த 'பிரபல்' 700 கிராம், சுழல் உருளை பக்கவாட்டில் திறக்கும். எல்லாம் .32தான். .22-இல் 'நிடர்' என்று கால் கிலோ எடையில் எட்டு ரவை போடும் குட்டி ரிவால்வர் ஒன்றும் வந்தது. மாமாவின் முப்பத்தெட்டு, பெரும்பாலும் பேச்சளவில்தான் இருக்கிறது.

சரி, இந்த எண்கள் எதைச் சொல்கின்றன? அங்குலத்தில் நூறில் 32 பங்கு என்பது கணக்கு. ஆனால் துப்பாக்கி உலகத்தில் பெயர் ஒன்று, அளவு ஒன்று. .38 என்று பெயர் வைத்த தோட்டாவின் நிஜ விட்டம் .357 அங்குலம். .32 தோட்டா அளந்தால் .312 சுமாருக்குத்தான் வரும். அதனால் விட்டத்தை விட்டுவிட்டு எடையையும் வேகத்தையும் பார்ப்பதுதான் உருப்படி. தோட்டா எடையைக் கிரெயினில் சொல்வார்கள், நமக்கு அது பிடிபடாது. நம் ஊரில் எல்லோருக்கும் கையில் எடை தெரிந்த ஒரு பொருள் தங்கம். ஒரு பவுன் எட்டு கிராம். .32 ரிவால்வரின் 98 கிரெயின் ஈயக் குண்டு 6.35 கிராம், முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் மேலே. .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் வழக்கமாகத் தூக்கிப்போடும் 158 கிரெயின் குண்டு ஒன்றே கால் பவுன். .22-இன் 40 கிரெயின் குண்டு மூன்றில் ஒரு பவுன், ஒரு சின்ன மோதிரம்.

இந்த எடை எந்த வேகத்தில் போகிறது என்பது அடுத்தது. .32 குண்டு வினாடிக்கு 215 மீட்டர் சுமாருக்குப் போகும், அதன் ஆற்றல் 150 ஜூல் வட்டாரம். .38 ஸ்பெஷல் 280 ஜூல். .357 வினாடிக்கு 370 மீட்டரைத் தாண்டி 700 ஜூலைத் தொடும். .22 நீளமான ரைபிள் குழலில் போனால் .32-க்குக் குறையாது, ஆனால் விரல் நீளக் குழலில் மருந்து எரிந்து வேகம் எடுக்க இடமில்லாமல் 100 ஜூலுக்கு இறங்கிவிடும். ரகத்துக்கு ரகம், குழலுக்குக் குழல் இதெல்லாம் கூடும் குறையும்.

கொடுப்பது மாதிரியே வாங்கவும் வேண்டும். குண்டு முன்னால் போகிற அளவுக்குக் கை பின்னால் உதை வாங்கும். ஒரே எடை ரிவால்வர் என்று வைத்துக்கொண்டால், .32-இன் உதை ஒரு பங்கு, .38 ஸ்பெஷலின் உதை ஒன்றே முக்கால், .357 இரண்டே முக்கால். துப்பாக்கி இலேசாக இருந்தால் உதை இன்னும் கூடும். கைப்பைக்கு நல்லது என்று 500 கிராமில் வாங்குகிறவர்கள் இதைக் கடையில் கேட்பதில்லை. மேசைமேல் வைத்துத் தூக்கிப் பார்க்கும்போது இலேசாக இருப்பது சுகமாகத்தான் இருக்கும். சுடும்போதுதான் தெரியும்.

.32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் என்ற நம் தோட்டா பிறந்தது 1896-இல். அதே ஆண்டு நியூயார்க் போலீஸ் ஆணையராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் தன் காவலர்களுக்கு கோல்ட் (Colt) கம்பெனியின் .32 ரிவால்வரைத்தான் கொடுத்தார். ஒரு காலத்தில் ஒரு பெருநகரப் போலீசுக்குப் பத்திய தோட்டா. அப்புறம் .38 வந்தது, பிலிப்பைன்ஸ் சண்டையில் பழைய .38-உம் போதவில்லை என்று அமெரிக்கப் பட்டாளம் .45-க்குப் போனது. அதிலிருந்து இந்த 'எது ஆளை நிறுத்தும்' விவாதம் நூறு வருஷத்துக்கு மேலாக ஓயாமல் நடக்கிறது. என்னைக் கேட்டால், கைத்துப்பாக்கி எதுவுமே சினிமாவில் காட்டுவது போல ஆளைத் தூக்கி எறியாது. குண்டு எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பது முதல் கேள்வி. எவ்வளவு பெரிய குண்டு என்பது அதற்கப்புறம்தான் வரும். உடம்பில் பட்டால் விரியும் பள்ளமுனைத் தோட்டா வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் உண்டு. .32-இன் மெதுவான வேகத்தில் அந்த முனை ஒழுங்காக விரியாது. ஆசைப்பட்டும் பயனில்லை.

.32-க்கு இன்னொரு முகம் இருக்கிறது. 25 மீட்டர் சென்டர்ஃபயர் பிஸ்டல் என்று சர்வதேசப் போட்டி ஒன்று உண்டு. அதில் உலகத்தரத்து ஆட்கள் பலர் வைத்திருப்பது இதே .32 லாங் தோட்டாதான், முனை மட்டும் தட்டையாக வெட்டியிருக்கும், காகிதத்தில் வட்டமாக ஓட்டை விழுவதற்கு. உதை குறைவு, குறி சுத்தம். பலவீனம் என்று மாமா நினைப்பதே அங்கே பலம்.

கிளப்பில் முதல்முதலாக .32 ரிவால்வர் கைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை .22 பிஸ்டலில் சுட்டுப் பழகி, நமக்குக் கை படிந்துவிட்டது என்ற நினைப்பு. ஏழு மீட்டர், நம் வீட்டு ஆசாரத்தின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. ரிவால்வரின் பின்பக்கம் தோட்டாவை அடிக்கும் சுத்தியலைக் கையால் இழுக்காமல், விசையை மட்டும் அழுத்தி ஆறு ரவை. அந்த விசை பல கிலோ கனம், கிணற்றுக் கயிற்றை ஒரு விரலால் இழுப்பது மாதிரி. இழுத்து முடிப்பதற்குள் குழல் இடப்பக்கம் சாய்ந்துவிடும். ஆறில் இரண்டு தாளிலேயே படவில்லை. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துவைத்துச் சுட்டபோது ஆறும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு, நாய் குரைக்க, கை நடுங்க, சுத்தியலை நிதானமாக இழுத்துவைக்க யாருக்கு ஒழியும்?

சுட்டு முடித்துத் தாழைத் தள்ளி மடக்கினால் ரிவால்வர் நடுவில் உடைந்து தலைகுனியும். உருளையின் நடுவிலிருந்து நட்சத்திரம் போல ஒரு தகடு எழுந்து ஆறு காலித் தோட்டாக்களையும் ஒன்றாகத் தூக்கிவிடும். பித்தளைச் சத்தமும் கருகிய வாசமும் சேர்ந்து வரும். அன்றைக்கு நான் மெதுவாக மடக்கியதில் ஒரு காலித் தோட்டா நட்சத்திரத்துக்கு அடியில் நழுவிப் புகுந்துகொண்டது. அதை நகத்தால் நெம்பி எடுக்க அரை நிமிஷம் ஆனது. "வேகமா மடக்கு, வாயப் பார்த்துட்டு மடக்காதே" என்றார் கற்றுக்கொடுத்த பெரியவர். இந்த ஆறு போனால் அடுத்த ஆறு உடனே வராது என்பதை எந்த அட்டவணையும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

ரிவால்வரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. பழைய ரவை ஒன்று வெடிக்காமல் போனால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்த ரவை வந்து நிற்கும். பிஸ்டல் என்றால் இரண்டு கையாலும் மேல்பாகத்தை இழுத்துக் கெட்டதைத் தள்ளிவிட வேண்டும். எப்போதாவது ஒருமுறை பீரோவைத் திறக்கிற ஆளுக்கு ரிவால்வர்தான் சரி. அந்த மட்டில் மாமா யோசனையில் தப்பில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும், இதில் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். .32 என்ற பெயரில் இரண்டு தோட்டா இருக்கிறது. ரிவால்வருக்கானது நீளம், அடியில் அகல விளிம்பு, பெட்டியில் 7.65×23 என்றிருக்கும். பிஸ்டலுக்கானது குட்டை, 7.65×17. குட்டைத் தோட்டா ரிவால்வர் உருளைக்குள் போய் உட்கார்ந்தாலும் உட்காரும். ஆனால் அதன் அழுத்தம் கூடுதல், அந்த உருளை அதற்காகச் செய்ததல்ல. உட்கார்கிறதே என்று சுடக் கூடாது. கடையில் 'முப்பத்திரண்டு கொடுங்க' என்று நிறுத்தாமல் ரிவால்வருக்கு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'தினப்படி சுடறதுக்கு' என்று மாமா இன்னொரு வார்த்தையும் போட்டார். தினப்படி என்று ஒன்று நம் ஊரில் கிடையாது. ஒரு நேரத்தில் எத்தனை ரவை கையில் வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். தென்னந்தோப்பில் நெற்றுத் தேங்காயை நிறுத்திச் சுட்டுப் பழகலாம் என்ற எண்ணம் வந்தால், .22 மாதிரிச் சின்னக் குண்டே ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டியும் போகும் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். தோப்புக்கு அந்தப் பக்கம் யார் மாடு மேய்க்கிறார்கள் என்று இங்கிருந்து தெரியாது. கல்யாணத்திலோ நோம்பியிலோ வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பழகுவதற்கு வழி கிளப். வீட்டிலேயே கைப்பிடியும் விசையும் பழக வேண்டுமானால் .177 ஏர் பிஸ்டல், 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். நானே மாசத்தில் பாதி நாள் அதில்தான் பழகுகிறேன்.

சட்டத்தில் இன்னொரு இடம் இருக்கிறது, அதை மாமா கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். ஆயுதச் சட்டம் 13-ஆம் பிரிவு எல்லாத் துப்பாக்கியையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரி இல்லாத துப்பாக்கி, அதாவது நம் பழைய பன்னிரண்டு போர், பாதுகாப்புக்கென்று கேட்டால் அதற்கு ஒரு வழி. ரிவால்வர் கேட்டால் வேறு வழி: 'தக்க காரணம்' இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். மனு ஆட்சியர் அலுவலகத்துக்கோ, மாநகரமானால் போலீஸ் ஆணையர் அலுவலகத்துக்கோ போகும். போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, அப்புறம் காத்திருப்பு. 'எங்க பக்கம் திருட்டு ஜாஸ்திங்க' என்று மட்டும் எழுதினால் ரிவால்வர் மனு எழுந்து நிற்பது கஷ்டம்.

ஆற்றல் கணக்கிலும் பன்னிரண்டு போர் வேறு சாதி. ஒரு தோட்டாவில் இருக்கும் 32 கிராம் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள், மொத்தம் நாலு பவுன், வினாடிக்கு 370 மீட்டர் சுமாரில் கிளம்பினால் இரண்டாயிரம் ஜூலைத் தாண்டும். .32 ரிவால்வரைப்போலப் பதினாலு மடங்கு. தோளில் வைத்துச் சுடுவதால் எழுபது வயதுக் கையும் குறி தவறுவது குறைவு. குறையும் உண்டு. வீட்டுக்குள் திருப்ப முடியாது, ஒரு கையில் டார்ச் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தூக்க முடியாது, இரண்டு ரவைதான். ரிவால்வரின் ஒரே பெரிய சாதகம் இடுப்போடு இருக்கும் என்பது. ராத்திரி வாசலில் கட்டில் போட்டுப் படுப்பவர் அதை இடுப்போடு வைத்துக்கொண்டா தூங்குவார்? பேரன் பேத்தி லீவுக்கு வந்து ஓடியாடுகிற வீட்டில் அது பீரோவுக்குள் பூட்டில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். பீரோ சாவி அத்தையிடம் இருக்கும். இதை நான் சொன்னபோது அடுப்படியிலிருந்து அத்தை சிரித்தது கேட்டது.

சுட்ட பிறகு என்ன என்பதும் காலிபரைவிட, அதாவது குண்டின் அளவைவிடப் பெரிய விஷயம். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது 37. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் தாக்குகிறவன் உயிர் போகும் அளவுக்கும் தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது 38. கொள்ளைக்கும், பொழுது சாய்ந்து விடிவதற்குள் வீடு உடைத்து நுழைவதற்கும் 41 அந்த உரிமையை நீட்டுகிறது. வேலி தாண்டித் திரும்பி ஓடுகிறவனின் முதுகில் சுட்டதை இந்தப் பிரிவுகளுக்குள் கொண்டுவந்து நிறுத்துவது வக்கீலுக்கும் கஷ்டம். தேங்காய் திருட வந்தவனைச் சுட்டதும் அப்படித்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மாமா கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப முப்பத்திரண்டு வேண்டாங்கிறயா?" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாசம் ஒருமுறையாவது கிளப்புக்கு வந்து சுத்தியலை இழுக்காமல் ஐம்பது ரவை சுடுவதாக இருந்தால், கொஞ்சம் கனமான .32 வாங்கலாம், அது பத்தும். வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவதாக இருந்தால் .357 கிடைத்தாலும் பத்தாது. இலேசான ரிவால்வர் வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதம்.

திண்ணையில் அப்புச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எண்பத்து நாலு வயது. அவர் பெயரில் ஒரு ரெட்டைக்குழல் பன்னிரண்டு போர் நாற்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. காட்டுப்பன்றி விரட்டியதற்கப்புறம் அது செய்த வேலை, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனுக்குப் போய்ப் படுத்துவிட்டு வருவதுதான். ஒப்படைத்த ரசீதுகளையெல்லாம் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார். ரிவால்வர் வாங்கினாலும் தேர்தலுக்குத் தேர்தல் பெரும்பாலும் அதே கதைதான்.

2016 விதிகளில் 25-ஆவது விதி இப்படி ஒரு வீட்டுக்காகவே எழுதியது போல இருக்கும். உரிமம் வைத்திருப்பவர் எழுபது வயதைத் தொட்டாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ, எது முந்தியோ அப்போதே, அவர் உயிரோடு இருக்கையிலேயே வாரிசு பெயருக்கு உரிமம் கேட்டு மனுப் போடலாம். இதை நான் சொன்னதும் மாமா திண்ணைப் பக்கம் திரும்பினார்.

"அய்யா, அந்த லைசென்சு புஸ்தகம் எங்கீங்க?"

அப்புச்சி காலண்டரைக் காட்டினார். "ரசீதோட சேத்தித்தான் குத்தியிருக்குது. போன தேர்தலுக்குக் குடுத்ததைப் போயி வாங்குனயா இல்லியா, அதை மொதல்ல பாரு."